யாருக்கும் வேண்டாத கொம்பு

அத்தியாயம் 5

ஊரே வாயைப் பிளக்கும் அளவுக்கு ஒரு கொம்பு கிடக்கிறது. எடுத்துப் போக ஒரு ஆள் இல்லை. மோர்ட்விக் கிராமத்து வேட்டைக்குழுவுக்கு அந்த செப்டம்பரில் வந்த வினை இதுதான்.

இறைச்சிக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், நட்டநடுவே, அது மல்லாந்து கிடந்தது. மூஸ் மானின் கொம்பு. ஒவ்வொரு பக்கமும் ஒரு கைக்குழந்தையைத் தாராளமாகப் படுக்க வைக்கலாம்.

"பாஸ், இதை வாசல்ல மாட்டினா வீடு தெரியாது," என்றேன்.

ரக்னில்டின் கவனம் கொம்பில் இல்லை. பக்கத்தில் உப்புப் போட்டு விரித்திருந்த தோலின்மேல் முழங்காலிட்டு, வயிற்றுப் பகுதியில் இருந்த ஓட்டைக்குள் தன் பென்சிலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஸ்டர்சுண்ட் நகரத்தில் ரக்னில்டின் துப்பறியும் அலுவலகம் என்றால் தெரியாதவர்கள் இல்லை. வழக்கமாக எங்களிடம் வருபவை, இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தாமாகவே தீக்குளித்த பனிவண்டிகள். நான் இவார், அவளுடைய உதவியாளன். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். இருந்தாலும் ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். அதனால் கதவோரமாக, காற்று வரும் பக்கம் நின்றுகொண்டேன்.

"பென்சில் போச்சா?" என்று கேட்டாள் சோல்வெய்க். எங்களை அழைத்தவள் அவள்தான்.

"கச்சிதமா."

"எல்லாரும் அதைத்தான் செஞ்சு பார்த்தாங்க. பென்சில் போனா ஆறரை மில்லிமீட்டர் குண்டு. இந்தக் குழுவுல ஆறரைன்னா நான் ஒருத்திதான். கணக்கு முடிஞ்சுது."

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை சோல்வெய்க் காட்டில் வேட்டைக்காகக் கட்டிய ஏழாம் பரணில் இருந்தாள். எட்டாம் பரணில் ஹில்டிங். நாய் விரட்டி வந்த மூஸ் கடா இரண்டு பரணுக்கும் நடுவே பாய்ந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முறை சுட்டார்கள். ஒரு குண்டு கடாவின் வயிற்றில் பாய்ந்து மறுபக்கம் வெளியேறிச் சேற்றில் புதைந்தது, இன்னொன்று தவறியது. வயிற்றில் குண்டு வாங்கிய கடா சதுப்பைத் தாண்டி, பக்கத்து ஊர் எல்லைக்குள் ஓடி, அங்கே தவித்துச் செத்தது. மறுநாள் பக்கத்து ஊர் வேட்டைக்குழு கைகட்டி வேடிக்கை பார்க்க, இவர்கள் போய் இழுத்து வந்தார்கள். இறைச்சி பாழ். மானம் அதைவிடப் பாழ். எங்கள் பக்கத்தில் ஒரு மிருகத்தை வயிற்றில் சுடுவது பெண்டாட்டியை அடிப்பதற்குச் சமம். செய்தவனை யாரும் காபிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

குழுவின் சட்டப்படி, மிருகத்தின் மேல் முதல் குண்டு யாருடையதோ, கொம்பு அவருக்கு. ஆக, கொம்பைத் தொட்டால் பழியையும் தொட வேண்டும். அதனால்தான் அது தொடுவாரில்லாமல் கிடந்தது.

"நாளைக்கு மதியம் கூட்டம்," என்றாள் சோல்வெய்க். "ரெண்டு தீர்மானம். ஆறரைத் தோட்டாவுக்கு இனிமே இந்தக் காட்டுல தடை. எனக்குக் குழுவுல எடமில்ல."

"வேட்டை இல்லாட்டி என்ன, மீன் பிடிக்கலாமே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டறேன், இவார். பஸ்ல ஏறுற ஒவ்வொரு பிள்ளையோட அப்பனும் இந்தக் குழுவுலதான் இருக்கான். வயித்துல சுட்டவள்னு தினம் காலைல அத்தனை வாசல்லயும் என்னைப் பார்ப்பாங்க. என்னால முடியாது. வெளிய போட்டாங்கன்னா வீட்டை வித்துட்டுப் போயிடுவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உன் குண்டு எங்க போச்சு?" ரக்னில்ட் பென்சிலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பிர்ச் மரத்துல. கடா மரத்துக்குப் பின்னால போறப்ப விசையை அமுக்கிட்டேன். ஓட்டை இன்னும் இருக்கு. ஆனா அதை நானே அப்புறமாப் போய் சுட்டுட்டு வந்தேன்னு ஹில்டிங் சொல்றாரு."

பேரைச் சொன்னதும் ஆள் வந்துவிட்டார். முதலில் மீசை வந்தது. பின்னால் ஹில்டிங் வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, அகலமான மார்பு, உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம். ஹில்டிங் என்றால் 375 என்று ஊரில் பச்சைக் குழந்தையும் சொல்லும். 375 மேக்னம் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தோட்டா. அதைத் துப்பாக்கியில் போடுவதைவிடப் பீரங்கியில் போடுவது பொருத்தம்.

"துப்பறியறவங்களா?" என்றார். "துப்பறிய என்ன இருக்கு? என் குண்டு போன ஓட்டைன்னா உங்க கட்டைவிரல் போகணும். அம்மா, தோட்டா தேர்ந்தெடுக்கறது ஒரு கலை. சுட்டா சுட்டவனுக்கும் தெரியணும், பட்டதுக்கும் தெரியணும். 375 யானைக்குன்னு செஞ்ச தோட்டா."

"இங்க கடைசியா யானை எப்ப வந்துச்சு அண்ணே?" என்றேன்.

"சர்க்கஸோட வந்துச்சு. நான் சின்னப் பையன் அப்ப."

"உங்க பேரைக் கேட்டுட்டு அதுக்கப்புறம் வரவே இல்ல பாருங்க."

அவருக்கு அது பாராட்டாகவே பட்டது. மீசையை நீவிக்கொண்டார்.

சோல்வெய்க் பொறுக்கவில்லை. "ஆறரைக் குண்டு நீளமானது. ஆழமாப் போகும், தோளை உதைக்காது. உதைக்காத துப்பாக்கியைத்தான் பயப்படாம சுட முடியும். எவ்வளவு பெரிய தோட்டாவா இருந்தாலும் படக்கூடாத எடத்துல பட்டா தப்புதான்."

"பொம்பளைத் தோட்டா," என்றார் ஹில்டிங், அன்பாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல. "நான் உன்னைத் திட்டலைம்மா. தோட்டாவைத்தான் திட்டறேன்."

"செவ்வாய்க்கிழமை உங்க கையில இருந்தது 375தானே?" என்று கேட்டாள் ரக்னில்ட்.

"ஹில்டிங்ன்னா 375," என்றார் அவர். கொம்பை ஒரு முறை பார்த்தார். சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

கதவு மூடியதும் ரக்னில்ட் என் பக்கம் திரும்பினாள். "கவனிச்சியா?"

"மீசைக்கு ஏதோ எண்ணெய் போடறாரு பாஸ்."

"நான் கேட்டதுக்கு ஆமான்னு சொல்லல." அவள் சோல்வெய்க்கிடம் கேட்டாள்: "அன்னிக்கு அவர் துப்பாக்கியை யாராவது பார்த்தாங்களா?"

சோல்வெய்க் யோசித்தாள். "பரணுக்குப் போற வரைக்கும் எல்லார் துப்பாக்கியும் உறையிலதான் இருக்கும். வர்றப்பவும் அப்படித்தான்."

"சத்தம்? அவர் துப்பாக்கி வெடிச்சா வித்தியாசம் தெரியாதா?"

"எல்லாரும் காதுக்கவசம் போட்டிருந்தோம். அதுல எல்லாச் சத்தமும் ஒரே 'டப்'புதான். ஆனா அவர் வேற தோட்டா சுடுவாருன்னு யார் நெனைப்பா? அவர் பேரே அதுதானே."

"வீட்டுல போய்த் தேடினா?" என்றேன்.

"தேடினா ஒரு ஆறரை கெடைக்கும்," என்றாள் ரக்னில்ட். "இந்த ஊர்ல எல்லா அலமாரியிலயும் பழைய ஆறரை ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். அதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. நமக்கு வேண்டியது அவர் தோள். அவ்வளவு பெரிய தோட்டா பின்னால உதைச்சு, சுட்டவன் தோள்ல கையெழுத்துப் போடாம போகாது. இவார், துண்டு கொண்டு வந்திருக்கியா?"

"எதுக்கு பாஸ்?"

"சாயங்காலம் ஆம்பளைங்க சவுனா. நான் போக முடியாது."

*

உடுப்போடு துப்பறிவதே கஷ்டமான வேலை. அன்று எனக்கு அந்த வசதியும் இல்லை.

ஏரிக்கரையில் சவுனா என்னும் நீராவிக் குளியல் மரக் குடிலுக்குள் ஆவி கண்ணை மறைத்தது. கீழ்ப்பலகையில் குழுத்தலைவர் ஆல்கோட் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நிதானமான மனிதர்; மாவட்டத்தில் கொம்பை அளந்து, புள்ளி போட்டு, எந்தப் பதக்கம் என்று சொல்லும் உரிமைச் சான்று பெற்றவர். அவருக்கு மேலே, சூடு உச்சத்தில் இருக்கும் பலகையில், ஹில்டிங்.

சட்டையோடு.

எங்கள் ஊரில் சவுனாவுக்குள் சட்டை போட்டுக்கொண்டு போவது, கோயிலுக்குள் பீர் பாட்டிலோடு போவது மாதிரி. ஆல்கோட் கண்ணை மூடிக்கொண்டு பார்க்காததுபோல் இருந்தார். அவர் ஒரு கனவான்.

நான் கனவான் இல்லை. "என்ன அண்ணே, குளிருதா?"

"தோல்ல அலர்ஜி," என்றார் ஹில்டிங்.

"வழக்கமா இந்நேரம் தோளைத் தெறந்து காட்டுவியே," என்றார் ஆல்கோட், கண்ணைத் திறக்காமலே. "பயிற்சிக்குச் சுட்டுட்டு வந்து, புளூபெர்ரி மாதிரி கன்னிப்போன எடத்தைக் காட்டி எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுவ. நான் எத்தனை வருஷம் தொட்டிருக்கேன்."

"இந்த வருஷம் அலர்ஜின்னு சொல்றேன்ல!"

சரி, அந்தக் கன்னிப்போன இடத்தைத்தான் மறைக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். தண்ணீர்க் கரண்டி என் பக்கத்தில் இருந்தது. மனசாட்சியைக் கேட்டேன், அது துண்டோடு வெளியே இருந்தது. ஒரு கரண்டி தண்ணீரை அடுப்புக் கற்களில் ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி மேலே ஏறியது.

"நல்லா இருக்கா அண்ணே?"

"ந... நல்லா இருக்கு."

இன்னொரு கரண்டி. இன்னொன்று. நனைந்த சட்டைக்குள் ஹில்டிங் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தவர்போல் வெந்தார். ஆனாலும் அசரவில்லை. பேச்சை மாற்றப் பார்த்தார்; பேச்சு என்றால் அவருக்குத் தன்னைப் பற்றியதுதான்.

"என் வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கியா தம்பி? வெள்ளிப் பதக்கக் கொம்பு, வெண்கலப் பதக்கக் கொம்பு, வரிசையா இருக்கும். நடுவுல மட்டும் ஆணி காலி. அது தங்கத்துக்கு. கல்யாணம் ஆன வருஷம் அடிச்ச ஆணி. அவ எத்தனையோ தடவை அதுல நாள்காட்டி மாட்டப் பார்த்தா. விடுவேனா?"

நான் தண்ணீரைப் பானையோடு தூக்கிக் கற்களில் கவிழ்த்தேன்.

ஆல்கோட் எழுந்து கதவைத் திறந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு ஹில்டிங் வெளியே ஓடினார். மரப்பாலத்தில் ஓடும்போதே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரிக்குள் தொப்பென்று விழுந்தார். மாலை வெயில் இன்னும் இருந்தது. பின்னாலேயே ஓடிய நான் அவர் வலது தோளை நன்றாகப் பார்த்தேன்.

அங்கே ஒன்றுமே இல்லை. பிறந்த குழந்தையின் தோள் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

*

"ஒண்ணுமே இல்ல பாஸ்," என்றேன் காரில் உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே. "வெந்தது மிச்சம். அவர் எதையும் மறைக்கல."

ரக்னில்ட் இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எதையும் மறைக்காதவன் எதுக்குச் சட்டையோட வேகணும்?"

"அதான் எனக்கும் புரியல."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் மறைச்சாரு, மண்டு. ஒவ்வொரு வருஷமும் கன்னிப்போன தோளைக் காட்டறவருக்கு இந்த வருஷம் காட்ட எதுவும் இல்ல. ஏன்னா அவர் 375ஐத் தொடவே இல்ல."

நான் துவட்டுவதை நிறுத்தினேன். "அப்ப பென்சில் ஓட்டை அவருது!"

"ஆமா. ஆனா வெள்ளைத் தோளைக் கூட்டத்துல சாட்சியா நிறுத்த முடியுமா? 'இந்த வருஷம் பயிற்சி செய்யல'ன்னு ஒரு வார்த்தைல தப்பிச்சுடுவாரு. விழுந்தாலும் மீசைல மண்ணு ஒட்டாத ஆளு. வேற என்ன பேசினாரு?"

"வெட்டிப் பேச்சு. சுவர், கொம்பு, தங்கப் பதக்கத்துக்குன்னு காலி ஆணி..."

பன்னைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "ஆணியைப் பத்தி முழுசாச் சொல்லு."

சொன்னேன். அவள் பன்னின் மீதியை என் மடியில் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினாள். அவள் பன்னைப் பாதியில் விட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சோல்வெய்க் வீட்டு வாசலில் என்னைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன பாஸ் திட்டம்?"

"சொல்ல மாட்டேன். உன் மூஞ்சி எதையும் மறைக்காது. நாளைக்கு அது உண்மையாவே பேயறைஞ்ச மாதிரி இருக்கணும்."

"தோத்தா?"

"தோத்தா அவ வீட்டை விப்பா," என்றாள்.

*

மறுநாள் மதியம் கொட்டகையில் குழு மொத்தமும் கூடியிருந்தது. கவிழ்த்த தொட்டிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரி பிடித்த கெட்டிலில் காபி கொதித்தது. நடுவில் கொம்பு. எல்லாருடைய கால்களும் அதிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருந்தன.

ஆல்கோட் தொண்டையைச் செருமினார். "ரக்னில்ட் விசாரிச்சு முடிச்சுட்டாங்களாம். என்ன தெரிஞ்சுது?"

"நான் சொல்ல ஒண்ணும் இல்ல," என்றாள் ரக்னில்ட். "சோல்வெய்க்கே சொல்லுவா."

சோல்வெய்க் எழுந்தாள். "கொம்பை நான் எடுத்துக்கறேன். பழியும் எனக்கே இருக்கட்டும். வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம், நானே வெளிய போயிடறேன்."

என் காபி என் காலணிக்குள் போனது. பேயறைந்த முகம் வேண்டும் என்றாளே, அதற்கு மேலேயே கொடுத்தேன். வெந்த உடம்போடு நான் திரட்டி வந்த துப்பெல்லாம் எதற்கு?

ஹில்டிங் பெரிய மனது செய்து தலையாட்டினார். "ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும். நான் எப்பவும் சொல்றதுதான், தப்பு அவ மேல இல்ல. தோட்டா மேல."

"சட்டப்படி கொம்பு உன்னுதும்மா," என்றார் ஆல்கோட். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"அப்ப அளந்து குடுத்துடுங்க," என்றாள் சோல்வெய்க்.

இதுவரை அந்தக் கொம்பை யாரும் அளக்கவில்லை. தொடவே கூசினார்களே. ஆல்கோட் நாடாவை எடுத்துக் குனிந்தார். அகலத்தை அளந்தார், தட்டையான பரப்பை அளந்தார், முனைகளை எண்ணினார். உதடு முணுமுணுத்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி அளந்தார்.

"கொம்பு காய்ஞ்சு கொஞ்சம் சுருங்கினாலும் சரி," என்றார் கடைசியில். "தங்கம். மோர்ட்விக்ல இதுவரைக்கும் யாரும் எடுக்கல. வேட்டைப் பத்திரிகையில படம் போடுவாங்க, பேரோட."

ஹில்டிங்கின் மீசை ஒரு பக்கம் மட்டும் துடித்தது.

"படமெல்லாம் வேண்டாம்," என்றாள் சோல்வெய்க். சுவரில் மாட்டியிருந்த எலும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். "இது முழுசா என் கார்ல ஏறாது. ரெண்டாப் பிளந்துடறேன்."

"பி... பிளக்கவா?" என்றார் ஹில்டிங். "எதுக்கு?"

"வீட்டுல பிள்ளைங்க காலுறை காயப்போட எடமில்ல. முனை முனையா இருக்கு பாருங்க, ஒண்ணு ஒண்ணுலயும் ஒரு ஜோடி மாட்டலாம்."

"காலுறையா?"

"கையுறையும்தான். இன்னொரு பாதியைக் கோழிக் கூட்டுல வெச்சா கோழிங்க ஏறி உக்காந்துக்கும்."

நான் ரக்னில்டைப் பார்த்தேன். அவள் காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஹில்டிங் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், சோல்வெய்க் தன் வாயாலேயே தன்னை ஊரைவிட்டு அனுப்பிவிட்டவள் ஆவாள்.

அவள் ஒரு காலைக் கொம்பின் நடு எலும்பில் ஊன்றினாள். ரம்பத்தை வைத்தாள். ஹில்டிங் புகையிலையை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ரம்பம் ஒரு முறை முன்னே போய்ப் பின்னே வந்தது. 'கர்ர்ர்' என்றது.

"நிறுத்துடீ!" என்று கத்தினார். "அது என் கடா! நான் சுட்டது! கையை எடு!"

ரம்பம் நின்றது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்கு மீசையும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னய்யா சொல்ற?" ஆல்கோட் மெதுவாகக் கேட்டார். "375 போட்ட ஓட்டையில பென்சில்தான் போகுமா?"

ஹில்டிங் தொட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். பேசியபோது குரல் பாதியாகியிருந்தது. "375 இல்ல. ரெண்டு வருஷமாவே முடியலடா ஆல்கோட். விசையை அமுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது. போன வருஷம் ஒரு கடா பத்தடியில நின்னுச்சு; அது நிக்குது, நான் கண்ணை மூடிட்டு வானத்தைச் சுட்டேன். உங்ககிட்ட எல்லாம் கடாவே வரலன்னு சொன்னேன். இந்த வருஷம் உறைக்குள்ள ஆறரையை வெச்சுக் கொண்டு போனேன்."

"யாரோடது?"

ஹில்டிங் தரையைப் பார்த்தார். "எங்க அத்தையோடது."

பின்வரிசையில் யாரோ இருமினார். பொம்பளைத் தோட்டா என்று ஊர் முழுக்கச் சொல்லி வந்த மனிதரின் காது சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆறரை தோளை உதைக்கலல்ல," என்றாள் சோல்வெய்க். ரம்பம் இன்னும் அவள் கையில் இருந்தது. "கண்ணும் மூடிக்கல. அப்புறம் எப்படி வயித்துல பட்டுச்சு?"

"தோட்டா மேல தப்பில்ல," என்றார் ஹில்டிங். அதைச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு எனக்கே பொறுக்கவில்லை. "கடா வந்தப்ப நான் முன்னங்காலுக்குப் பின்னால பார்த்திருக்கணும். கொம்பைப் பார்த்துட்டேன். அது தங்கம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதையே பார்த்துட்டு சுட்டேன். அப்புறம் உன் பேரைச் சொன்னாங்க. நான்... சும்மா இருந்துட்டேன்."

"சும்மா இருந்தீங்களா? மரத்தை நானே போய் சுட்டேன்னு சொன்னது யாரு?"

ஹில்டிங் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கும் ஒரு சாக்கு சொல்லியிருந்தால் எனக்கு அவரைப் பிடிக்காமலே போயிருக்கும்.

ஆல்கோட் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "கொம்பு உன்னுது, ஹில்டிங். பத்திரிகைக்கும் எழுதறேன், எங்க பட்டுச்சுங்கறதையும் சேர்த்து எழுதுவேன். இந்தப் பருவம் உனக்கு முடிஞ்சுது. அடுத்த வருஷம் குறிப்பலகையில சுட்டு மறுபடி தேர்ச்சி காட்டிட்டு வா." பிறகு எல்லாரையும் பார்த்தார். "இன்னொரு தீர்மானம் பாக்கி இருக்கு. ஆறரைக்குத் தடை. வாக்கெடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லணும். இந்த வருஷம் உறைக்குள்ள ஆறரை வெச்சுக் கொண்டு வந்தது வேற யாரு?"

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. எடுத்து வைக்கவும் ஆள் இல்லை.

பின்வரிசையில் இருமியவரின் கை முதலில் உயர்ந்தது, காதைச் சொறியப் போவதுபோல. அவருக்கு அடுத்தவர் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே தானும் கையைத் தூக்கினார். ஒன்பது மில்லிமீட்டருக்குக் குறைந்ததை விளையாட்டுச் சாமான் என்று சொன்ன தச்சர் தூக்கினார். "முதுகு வலி," என்று முணுமுணுத்தபடி மரக்கடைக்காரர் தூக்கினார். கொட்டகை முழுக்க, வெட்கப்பட்டுக்கொண்டு, கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

ஆல்கோட் பெருமூச்சு விட்டார். கடைசியாகத் தன் கையையும் தூக்கினார்.

"அப்ப ஆறரைக்காரங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டா," என்றார், "நாளைக்குக் காட்டுக்கு யார்தான் போறது?"

"நாய் போகும்," என்றேன்.

சிரிப்பு வெடித்தது. தொட்டியிலிருந்து ஒருவர் உருண்டே விழுந்தார். சோல்வெய்க் மட்டும் சிரிக்கவில்லை. ரம்பத்தைத் தரையில் வைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதுதீர்த்தாள். ரக்னில்ட் போய் அவள் தோளோடு தோள் உட்கார்ந்து, அந்தச் சர்க்கரைக் காபியை நீட்டினாள். பாஸும் மூக்கை உறிஞ்சினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன், ஆல்கோட்டிடம் கற்றுக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. ஒவ்வொருவரும் சோல்வெய்க்கைக் கடக்கும்போது தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

ஹில்டிங் தனியாகக் கொம்பைத் தூக்கப் பார்த்தார். ஒரு பக்கம் எழுந்தது. மறுபக்கம் தரையில் இழுபட்டுக் கிறீச்சிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த தங்கத்தை அவர் நாயைக் கட்டி இழுப்பதுபோல் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார். அங்கே வாசற்படி தடுத்தது. மூச்சு வாங்க நின்றார்.

சோல்வெய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். குனிந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"நீ எதுக்கும்மா..." என்றார் ஹில்டிங், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நிதானமாத் தூக்குங்க," என்றாள். "அடுத்த வருஷம் பக்கத்துப் பரண்ல நீங்க இருக்கணும்ல."